முதியோர் கல்வி என்றால் எழுத்தறிவு வகுப்பு மட்டும்தானா?

இந்தத் துறையில் மாணவனாகச் சேர்ந்தபோது எனக்கும் அதே நினைப்புதான்: அரிக்கேன் விளக்கு, கரும்பலகை, கைநாட்டிலிருந்து கையெழுத்து. முதல் பருவத்திலேயே அது கலைந்துவிட்டது.

என்னை மாற்றியது ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 1957-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஜான்ஸ் தீவில் ஒரு கடையின் பின்னறையில் இரவு வகுப்பு தொடங்கியது. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவுசெய்ய வாசிப்புத் தேர்வு ஒன்றைத் தாண்ட வேண்டியிருந்த காலம் அது. பாடம் நடத்திய பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியர் அல்லர், சிகை அலங்காரக்காரர். வந்தவர்களிடம் என்ன கற்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதையே பாடமாக்கினார்: பெயர் எழுதுவது, அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்புவது, மாநில அரசியல் சட்டத்தை வாசிப்பது. இதை எழுத்தறிவு வகுப்பு என்பதா, அரசியல் இயக்கம் என்பதா? இரண்டும்தான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் தொழிற்சங்கப் பயிலரங்கு, செவிலியருக்கான பணியிடைப் பயிற்சி, நீரிழிவு நோயாளிக்கு ஊசி போடக் கற்றுத்தருவது, புலம்பெயர்ந்தோருக்கான மொழி வகுப்பு, சிறைக்கல்வி எல்லாம் இதற்குள் வந்துவிடும். டென்மார்க்கில் 1844-லேயே பெரியவர்களுக்காக, தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத ‘மக்கள் உயர்நிலைப் பள்ளி’யைத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் வந்தது.

கோட்பாட்டுத் தாளில் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் கட்டாயம் வருவார். குழந்தைகளைப் போலன்றி, பெரியவர்கள் தம் அனுபவத்தோடு வந்து, உடனடித் தேவைக்காகக் கற்கிறார்கள் என்பது அவர் வாதம். எனக்கு முழு உடன்பாடில்லை. குழந்தைகளும் பல நேரம் அப்படித்தான் கற்கிறார்கள்.