கிணற்று நீச்சலும் பதக்கப் பட்டியலும்

அன்புள்ள சார்,

நான் காவேரிப்பட்டணம் பக்கம். என் மகளுக்கு 10 வயது, ஐந்தாவது படிக்கிறாள். மாமனார் தோட்டத்துக் கிணற்றில் என் மச்சான்தான் அவள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்கினார். இப்போது மோட்டார் ரூம் மேலிருந்தே குதிக்கிறாள். அவளைவிடப் பெரிய பையன்களால்கூட அவளை முந்த முடிவதில்லை. கோடை விடுமுறையில் ஒரு நீச்சல் கேம்ப்பில் சேர்த்தோம். அதை நடத்தியவர், "ரெண்டே வருஷம் என்கிட்ட விடுங்க, நேஷனல் மெடல் உறுதி" என்று சொல்லி ஒரு பெரிய தொகை கேட்கிறார்.

சமீபத்தில் தேசிய நீச்சல் போட்டியின் பதக்கப் பட்டியலைப் பேப்பரில் பார்த்தேன். கர்நாடகம் எங்கேயோ உச்சியில் இருக்கிறது. காவிரியில்தான் தண்ணீர் விடமாட்டார்கள், மெடலையுமா விடமாட்டார்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் கிணறு, ஏரி, கே.ஆர்.பி. அணை, ஒகேனக்கல் என்று தண்ணீரிலேயே விளையாடி வளர்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்படியும் அந்தப் பட்டியலில் நம் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஏன்?

ஓசூருக்கு வீடு மாற்றி, மகளைப் பெங்களூரில் பயிற்சிக்கு விடலாமா என்று யோசிக்கிறேன். அதுவரை ஒகேனக்கல்லில் எதிர்நீச்சல் பழக்கினால் பலம் வருமா? என் மனைவி வீட்டில், "இன்னும் ரெண்டு வருஷம் நீந்தட்டும், பெரியவளானா நிறுத்திடலாம்" என்கிறார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)
காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

காவிரி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனால் பதக்கப் பட்டியலுக்காக இவ்வளவு மனம் வாட வேண்டியதில்லை. ஒரு நீச்சல் போட்டியின் முடிவுகளில் நமக்கு மிகக் குறைவாக விஷயம் சொல்கிற பகுதி அதுதான்.

கபடியில் 7 பேர் களத்தில் இறங்கி உருண்டு புரண்டு ஜெயித்தால் மாநிலத்தின் கணக்கில் ஒரு தங்கம். நீச்சலில் அப்படியில்லை. 50 மீட்டரிலிருந்து 1500 வரை ஃப்ரீஸ்டைல், மல்லாந்து நீந்துகிற பேக்ஸ்ட்ரோக், தவளை மாதிரி நீந்துகிற பிரெஸ்ட்ஸ்ட்ரோக், இரண்டு கையையும் ஒன்றாக வீசுகிற பட்டர்ஃபிளை, நான்கும் கலந்த மெட்லி என்று ஆண்களுக்கு 17, பெண்களுக்கு 17 தனிநபர் போட்டிகள். அதற்குமேல் நாலு பேர் மாறி மாறி நீந்துகிற ரிலேக்கள். நல்ல நீச்சல்காரர் ஒருவர் கிடைத்தால் ஒரே வாரத்தில் அள்ளிக்கொண்டு போகலாம். 2025இல் உத்தரகண்டில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் கர்நாடகத்தின் ஸ்ரீஹரி நடராஜும் தினிதி தேசிங்கும் ரிலேக்களையும் சேர்த்து ஆளுக்கு 9 தங்கம் வாங்கினார்கள். அந்த வாரம் இருவருக்கும் காய்ச்சல் வந்திருந்தால் பட்டியலே வேறு மாதிரி இருந்திருக்கும். அதை வைத்து ஒரு மாநிலத்துப் பிள்ளைகள் எல்லோரையும் எடை போட முடியுமா?

மாநிலக் கணக்கும் கொஞ்சம் ஏமாற்றுகிற கணக்குதான். நீச்சல் வீரர் சஜன் பிரகாஷை எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கியில் பிறந்தவர், ஆனால் வளர்ந்தது நம் நெய்வேலியில். அம்மா ஷாண்டிமோள் தடகள வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளில் சஜன் கேரளத்துக்காக இறங்கி 6 தங்கமும் 3 வெள்ளியும் வாங்கினார். பட்டியலில் அது கேரளம். பிள்ளை வளர்ந்த தண்ணீர் கடலூர் மாவட்டத்துத் தண்ணீர். ரயில்வே, ராணுவத்தாரின் சர்வீசஸ், போலீஸ் என்று தனித்தனியாக இறங்கும் அணிகளின் வரிசையில் எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் ஒளிந்திருக்கிறார்கள் என்பதும் வெளியே தெரியாது.

சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் கர்நாடகம் வருஷா வருஷம் மேலே இருப்பது நிஜம். காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பெங்களூரில் பசவனகுடி அக்வாட்டிக் சென்டர், டால்ஃபின் அக்வாட்டிக்ஸ் போன்ற கிளப்புகள் இருக்கின்றன. ஏழெட்டு வயதில் அங்கே சேர்கிற பிள்ளை பத்து வருடம் கழித்தும் அதே தண்ணீரில் இருக்கிறது. விடியுமுன் ஒரு வேளை, பள்ளி விட்டு வந்து இன்னொரு வேளை. நன்றாக நீந்துகிற பதின்வயதுப் பிள்ளை ஒரே வேளையில் 5 கிலோமீட்டர் நீந்துவது அங்கே யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயம் இல்லை. பக்கத்து லேனில் தன்னைவிட வேகமான ஒருவர் எப்போதும் இருப்பார். நம்மிடம் இல்லாதது அந்தத் தொடர்ச்சிதான். நம் பக்கத்துப் பிள்ளைக்கு நீச்சல் என்பது கோடை விடுமுறையும், கிணற்றில் தண்ணீர் இருக்கிற மாதங்களும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் சுரைக்குடுக்கை பரணுக்குப் போய்விடும். இப்போது போர்வெல் ஆயிரம் அடிக்கு இறங்கியபிறகு பாதிக் கிணறுகளில் குதித்தால் காலில் சேறுதான் ஒட்டும்.

கிணற்று நீச்சலை நான் மட்டமாகச் சொல்லவில்லை. தண்ணீர் பயம் போவது, மூச்சை அடக்குவது, ஆழத்தில் கண் திறப்பது எல்லாம் கிணறு சும்மா கற்றுக்கொடுக்கிற பாடங்கள். நகரத்துக் குளத்தில் காசு கட்டிச் சேருகிற பிள்ளைக்கு இதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆனால் போட்டிக் குளத்தில் வேண்டியது வேறு சில பழக்கங்கள். கிணற்றில் நீந்துகிற பிள்ளை தலையைத் தூக்கிக்கொண்டே நீந்தும். மேலிருந்து எவன் தலையில் குதிப்பான் என்று பார்க்க வேண்டும், படி எங்கே என்று பார்க்க வேண்டும், தண்ணீர்ப் பாம்பையும் பார்க்க வேண்டும். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். உடம்பு சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். கை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பாதி பலம் அதற்கே செலவாகிவிடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுக்கப் பழகுவதுதான் உங்கள் மகளுக்கு முதல் வேலை. மூக்கில் தண்ணீர் ஏறி ஒரு வாரம் அழுவாள், அப்புறம் சரியாகிவிடும்.

இன்னொன்று, திரும்புவது. நம் கிணறுகளில் குதித்து நாலு கை போட்டால் எதிர்ச் சுவர் வந்துவிடும், ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். 50 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் நீந்துகிறவர் 29 தடவை சுவரில் திரும்பியாக வேண்டும். ஒரு பந்தயத்தில் நீச்சல்காரரின் உடம்பு மிக வேகமாகப் போவது குதித்த உடனும், சுவரை உதைத்துக் கிளம்பிய உடனும்தான். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தவிர்த்த மற்றவற்றில் அப்படி உதைத்துக் கிளம்பி 15 மீட்டர் வரை தண்ணீருக்கு அடியிலேயே போகலாம், அதற்குள் தலை மேலே வந்துவிட வேண்டும் என்பது விதி. உள்நீச்சலில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஃப்ரீஸ்டைலில் திரும்புவது தண்ணீருக்குள் அடிக்கிற குட்டிக்கரணம்தான், அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் அடிப்பது என்பதை மட்டும் சொல்லித்தர வேண்டும்.

இனிமேல் போட்டி முடிவு பேப்பரில் வந்தால் தங்கம் எத்தனை என்று எண்ணாமல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற நேரத்தைப் படியுங்கள். சஜன் பிரகாஷ் 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்கிற்கு நேரடித் தகுதி பெற வேண்டிய நேரம் 1:56.48. வித்தியாசம் பத்தில் ஒரு விநாடி. அவர் போன வேகத்தில் அது ஒரு சாணுக்கும் குறைந்த தூரம். அந்த ஒரு சாணில்தான் நேரடித் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல்காரர் என்ற பெயர் வந்தது. சில நாளில் ஸ்ரீஹரி நடராஜும் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் 53.77இல் முடித்து அதே தகுதியைப் பெற்றார், வேண்டியிருந்தது 53.85. இனி இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அதே 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக் 2022இல் எடுத்த நேரம் 1:50.34. இருவரையும் ஒரே குளத்தில் விட்டால் மிலாக் சுவரைத் தொடும்போது நம் ஆள் சுமார் 10 மீட்டர் பின்னால் இருப்பார். நேஷனல் தங்கங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த 10 மீட்டர் கண்ணில் படாது.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு பந்தயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக், 400 மீட்டர் மெட்லி. ஸ்வீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் ஒரே நேரத்தில் தொட்டார்கள். நூறில் ஒரு விநாடி வரை பார்த்தால் இருவருக்கும் 4:31.98. மின்கருவியில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் பார்த்து லார்சன் 4:31.981, மெக்கீ 4:31.983 என்று லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். ஆயிரத்தில் 2 விநாடியில் அவர்கள் கடக்கிற தூரம் மூன்று மில்லிமீட்டர். பிறகுதான் யோசித்தார்கள்: கான்கிரீட் ஊற்றிக் கட்டிய குளத்தில் ஒரு லேனுக்கும் இன்னொரு லேனுக்கும் நீளத்தில் அதைவிட அதிக வித்தியாசம் இருக்குமே! அதனால் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வார்கள், அதிலும் சமமாக இருந்தால் இருவருக்கும் தங்கம். மெக்கீக்கு அது உதவவில்லை, பாவம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது கர்நாடகம் இல்லை, கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த "பெரியவளானா நிறுத்திடலாம்"தான். நம் இரண்டு மாவட்டங்களிலும் நன்றாக நீந்துகிற பெண் பிள்ளைகள் 12 வயது வரை நிறையவே உண்டு. அதன்பிறகு எத்தனை பேர் தண்ணீரில் இருக்கிறார்கள் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். இந்திய நீச்சல் வீராங்கனை ஆரத்தி சாஹா 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்கு 12 வயதுகூட நிறையவில்லை. அவர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, அப்படிக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனது 1959இல், 19 வயதில். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஏழு வருடங்களைத்தான் உங்கள் மனைவி வீட்டார் வெட்டிவிடச் சொல்கிறார்கள். தினிதி தேசிங்கு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போனபோது வயது 14. நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்த வீடு என்றால் பெங்களூர் பயிற்சி, ஓசூர் வாடகை எல்லாம் வீண் செலவு. நிறுத்தப்போவதில்லை என்றால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். உடை, மாதவிலக்கு, ஊர் வாய் எல்லாம் பேசித் தீர்க்க வேண்டியவைதான். அவற்றை உங்கள் மனைவியும் மகளும் உட்கார்ந்து பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். பதக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஏரியில் துணி துவைக்கப் போன பெண்கள் ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் மூழ்கினார்கள் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். நீந்தத் தெரிந்த பெண் எந்த வயதிலும் நீந்திக்கொண்டிருப்பதில் குடும்பத்துக்கு என்ன நஷ்டம்?

நம் பக்கம் பெரிய குளம் கட்டச் சொல்லிக் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டியது. அதுபோல 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று கட்டினால் 25 லட்சம் லிட்டர் வேண்டும், 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 208 லோடு. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்காகப் பல வருடம் காத்திருந்த மாவட்டங்கள் இவை. அதற்குப் பதில் 25 மீட்டரில் ஆறு லேன் குளம் என்றால் ஐந்தரை லட்சம் லிட்டரில் முடிந்துவிடும். வடிகட்டிச் சுத்தம் செய்து அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். பிள்ளைகள் பழக அது தாராளம். கூடவே வருடம் முழுக்கச் சம்பளம் வாங்குகிற பயிற்சியாளர் ஒருவரும் வேண்டும். கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்.

கேம்ப்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள். 10 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் நேஷனல் மெடல் உறுதி என்று எந்த நல்ல பயிற்சியாளரும் சொல்லமாட்டார். அவள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை எத்தனை விநாடியில் முடிக்கிறாள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அளந்து வைத்திருக்கிறாரா என்பதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

வீடு மாற்றுவதும் இப்போது வேண்டாம். காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்குத் தினமும் போய்வர முடியாது, ஓசூரிலிருந்தும் அது லேசான காரியம் இல்லை. பக்கத்தில் 25 மீட்டர் குளம் எங்கே இருக்கிறது என்று தேடி, ஒரு வருடம் ஸ்டைலை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். மாவட்ட அளவில், மாநில அளவில் அவள் வயதுக்கான போட்டி நடக்கும்போது கூட்டிப்போங்கள், தோற்கத்தான் செய்வாள். நேரத்தை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு வருடத்தில் நேரம் நன்றாக இறங்கி, அவளுக்கும் காலையில் எழுந்து போகிற ஆசை இருந்தால், அப்போது ஓசூரைப் பற்றி யோசிக்கலாம்.

ஒகேனக்கல் எதிர்நீச்சல் மட்டும் வேண்டவே வேண்டாம். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுவது சும்மா இல்லை. பாறைகளுக்கு நடுவே அடியில் இழுக்கிற சுழலை மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதில் கிணற்றுக் கெட்டிக்காரத்தனம் எதற்கும் உதவாது. மீன் வறுவல் சாப்பிடக் கூட்டிப்போங்கள், பரிசலில் ஏறினால் அவளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுங்கள். நீச்சல் தெரியும் என்று அடம்பிடிப்பாள், விடாதீர்கள்.