'இறுதி இராவுணவு' ஓவியத்துக்கு லியோனார்டோ டாவின்சி ஏன் அத்தனை வருடம் எடுத்தார்? சோம்பேறியா?

கேள்வி கேட்டவர் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் போலிருக்கிறது. நான் சுவரில் படம் வரைந்து பிழைக்கிறவன். பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், சுமார் 1495 முதல் 1498 வரை வரைந்தது அது. அகலமே கிட்டத்தட்ட 9 மீட்டர். ஆள் பாதி நாள் சும்மா நிற்கிறார் என்று மடத் தலைவர், மிலானை ஆண்ட பிரபு லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் புகார் செய்தாராம். இது ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி சொன்னது. வசாரி கதை விடுவார் என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம், எனக்கும் தெரியும். ஆனால் சிறு வயதில் அங்கேயே இருந்து பார்த்த எழுத்தாளர் பந்தெல்லோவும் எழுதியிருக்கிறார்: சில நாள் விடிந்ததும் சாரம் ஏறினால் இருட்டும்வரை சோறு தண்ணி கிடையாது. சில நாள் தூரிகையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு படத்தையே பார்ப்பார். சில நாள் உச்சி வெயிலில் வந்து, ஒன்றிரண்டு தீற்றல் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஈரச் சுவர் ஓவியத்தில் இதெல்லாம் நடக்காது. அன்றைக்குப் பூசிய சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதற்குள் வண்ணத்தை ஏற்றியாக வேண்டும். அப்போதுதான் பூச்சோடு சேர்ந்து பிடிக்கும். நின்று நிதானமாகத் திருத்த வேண்டும் என்பதால்தான் அவர் காய்ந்த சுவரில் வரைந்தார். அதற்கான விலையையும் கொடுத்தார். 1517லேயே படம் கெட ஆரம்பித்துவிட்டதாகக் குறிப்பு இருக்கிறது. எதிர்ச் சுவரில் மொந்தோர்ஃபானோ என்ற ஓவியர் 1495ல் ஈரச் சுவரில் வரைந்த சிலுவைக் காட்சி இன்றும் திடமாக இருக்கிறது. அதைப் பார்க்கவென்று யாரும் டிக்கெட் எடுப்பதில்லை, அது வேறு விஷயம்.

இப்போது என் கதை. ஒரு கோயிலில் பீடத்துக்குப் பின்சுவரில் அப்போஸ்தலர்களை வரைந்துகொண்டிருந்தேன். சாரத்தில் நின்று பார்த்தால் பேதுருவின் முகம் சரியாக இருந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால், பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் இடது கண் மட்டும் கீழே இறங்கித் தெரிந்தது. அதனால் ஏறுவேன், ஒரு கோடு வைப்பேன், இறங்கிப் போய் உட்கார்ந்து பார்ப்பேன். கமிட்டிப் பெரியவர் ஒருவர் தினமும் வந்து, "தம்பி, உட்கார்ந்தே இருக்கீங்களே, கூலி ஓடுதுல்ல?" என்பார். கடைசியில் கணக்கு முடிக்கும்போது நான் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் அரை நாள் அரை நாளாகக் கழித்துவிட்டார். எல்லாக் கமிட்டியும் அப்படி என்று சொல்லவில்லை. பெரியவர் நல்லவர்தான்.

மடத்துக்காரர்களும் 1652ல் வாசல் ஒன்றைப் பெரிதாக்க, இயேசுவின் பாதம் இருந்த இடத்தையே வெட்டியெடுத்தார்கள். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. திருவிழாவுக்கு சவுண்ட் பாக்ஸ் மாட்ட, பேதுருவின் தோளில் டிரில் போட்டு நாலு ஸ்குரூ இறக்கினார்கள். பட்டி பார்த்துச் சரிசெய்து தரச் சொல்லிப் போன மாதம் போன் வந்தது. சதுர அடிக்கு என்ன ரேட் என்று கேட்கிறார்கள்.