தாய் நாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: வளர்ப்புப் பிராணிகள்

கேள்வி: மகளுக்கு ஒரு லப்ரடோர் குட்டி வாங்க யோசிக்கிறோம். பேஸ்புக்கில் ஒருவர் போட்டிருக்கிறார்: 40 நாள் குட்டி, தாய் கொழும்பில் நிற்கிறது, பாதிக் காசை வங்கியில் போட்டால் இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவாராம். கோப்பாய்ப் பக்கம் இன்னொருவர் விலையும் கூடச் சொல்கிறார், இன்னும் மூன்று கிழமை பொறுக்கவும் சொல்கிறார். யாரிடம் வாங்கலாம்?
– வாசகி, மானிப்பாய்

பதில்: காசைப் போட்டுவிடாதீர்கள், அம்மா. முதலில் கோப்பாய்க்குப் போய்ப் பாருங்கள். பொறுக்கச் சொல்பவர் நல்லவராக இருக்க இடமுண்டு. ஆனால் அதை அவருடைய பேச்சை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அவருடைய வளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போனவுடன் குட்டியைத் தூக்காதீர்கள். தூக்கிவிட்டால் பிறகு கண் வேறெதையும் பார்க்காது. தாயைக் காட்டச் சொல்லுங்கள். குட்டி போட்டு ஆறு, ஏழு கிழமையான நாயின் முலைக்காம்புகள் நீண்டு, மடி தொங்கிப்போய் இருக்கும். வயிறு ஒட்டி, காம்பு சிறுத்த ஒரு பெட்டை நாயைக் கொண்டுவந்து "இதுதான் தாய்" என்றால் நம்பாதீர்கள். குட்டிகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். சொந்தத் தாயென்றால் நேரே மடிக்கு ஓடும். பல் முளைத்த குட்டி கடிக்கும் என்பதால் தாய் உறுமித் தள்ளிவிடவும் கூடும், அதில் பிழையில்லை. தாய் கொஞ்சம் மெலிந்து மயிர் கொட்டியிருப்பதும் இந்தக் காலத்தில் வழமைதான்.

அடுத்ததாகத் தாயின் நகத்தைப் பாருங்கள். முற்றத்தில் நடந்து திரியும் நாய்க்கு நகம் தேய்ந்து குட்டையாக இருக்கும். கூட்டுக்குள்ளேயே கிடக்கும் நாய்க்கு அது நீண்டு வளைந்துவிடும். நிற்கும்போது நகம் தரையில் முட்டி விரல்களைப் பக்கமாகச் சரிக்கும். முன்காலின் உட்புறத்தில் உயர இருக்கும் தனி நகம் நிலத்தில் படுவதேயில்லை. வெட்டாமல் விட்டால் அது வட்டமாகச் சுருண்டு தோலுக்குள்ளேயே குத்தி ஏறும். வெளிர் நிற நாயென்றால் பாதத்து மயிர் மூத்திரத்தில் ஊறி மஞ்சளேறியிருக்கும். முழங்கைகள் சீமெந்தில் உரசிப் புண்ணாகியிருக்கும். ஆளைக் கண்டதும் வாலை ஆட்டாமல், குரைக்காமல், சுவரோடு ஒடுங்கி நிற்கும். இவற்றில் இரண்டைக் கண்டாலே அங்கு நாய் வளர்ப்பு நடக்கவில்லை, குட்டி உற்பத்திதான் நடக்கிறது.

மூன்று கேள்வி கேளுங்கள்: தாய்க்கு என்ன வயது? இது எத்தனையாவது ஈற்று? போன ஈற்று எப்போது? சாதாரணமாக ஒரு பெட்டை நாய் வருடத்தில் இரண்டு தடவை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 63 நாள். அக்கறையுள்ளவர் ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன் கடுவனோடு சேர்க்க மாட்டார், ஓர் ஈற்றுக்குப் பிறகு ஒரு பருவத்தையாவது விட்டுவிடுவார். நான்கு வயது நாய்க்கு இது ஐந்தாவது ஈற்று என்று சொன்னால், அந்த உடம்புக்கு ஓய்வே கிடைத்ததில்லை என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். "லப்ரடோர் மட்டுமில்லை, பொமேரியன், அல்சேஷன், பக் எது வேண்டுமென்றாலும் எடுத்துத் தரலாம்" என்பவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கவே வேண்டாம். அவர் தரகர். பல இடத்துக் குட்டிகளை ஒரே பெட்டிக்குள் போட்டு விற்பவர். ஒன்றுக்கு இருக்கும் நோய் எல்லாவற்றுக்கும் தொற்றிவிடும்.

இனி அந்த 40 நாள் கணக்கு. குட்டி தாயை விட்டுப் பிரிய ஆகக் குறைந்தது எட்டுக் கிழமை, அதாவது 56 நாள் ஆக வேண்டும். நான்காம் ஐந்தாம் கிழமையில் பால் குறைந்து குட்டிகள் சாப்பிடத் தொடங்கும். விற்பவருக்குச் செலவு கூடுவதும் அப்போதுதான்: தீன், பூச்சி மருந்து, முதல் ஊசி. அந்தச் செலவை உங்கள் தலையில் போடத்தான் இந்த அவசரம். குட்டிக்கோ அதே கிழமைகள்தான் பள்ளிக்கூடம். எவ்வளவு பலமாகக் கடித்தால் மற்றவருக்கு நோகும் என்பதைக் கூடப்பிறந்ததுகளோடு விளையாடித்தான் அது பழகுகிறது. முந்திப் பிரித்த குட்டி பிறகு பிள்ளைகளின் கையைக் கடித்து இழுக்கும்.

வயதில் சந்தேகமிருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். பாற்பற்கள் மொத்தம் 28. முன் பற்களும் கூர்ப்பற்களும் மூன்றாம் கிழமையிலிருந்து முளைக்கத் தொடங்கும். கடைவாய்ப் பக்கப் பற்களும் வந்து 28 உம் நிறைய ஏறக்குறைய எட்டுக் கிழமை ஆகும். பின்பக்க முரசு வெறுமையாக இருந்தால் "இரண்டு மாதக் குட்டி" என்ற பேச்சை நம்ப வேண்டாம். கொழும்பிலிருந்து சுமார் 400 கிலோமீற்றர், இரவு முழுக்கப் பெட்டிக்குள், தண்ணீரில்லாமல் வருகிற 40 நாள் குட்டிக்கு நோயை எதிர்க்க என்ன பலம் மிஞ்சியிருக்கும்?

கேள்வி: போன மாதம் வாங்கிய குட்டி நான்காம் நாள் சத்தியெடுத்து, இரத்தமாகக் கழிந்து, இரண்டு நாளில் செத்துப்போனது. ஊசி அட்டையில் "ஐந்து நோய் ஊசி போட்டது" என்று பேனையால் எழுதியிருந்தது. விற்றவரைக் கேட்டால் சாப்பாடு மாற்றிக் கொடுத்ததால் வந்தது என்கிறார். உண்மையா? வேறு குட்டி வாங்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: மனவருத்தமான விடயம். சாப்பாடு மாற்றினால் வயிற்றோட்டம் வரலாம். ஆனால் சத்தி, நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சல், இரண்டு நாளில் சாவு என்பவை, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரசின் அடையாளங்கள். கிருமி தொற்றி நோய் வெளியே தெரிய பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் எடுக்கும். உங்கள் குட்டி அந்த இடத்திலேயே, அல்லது வரும் வழியில் கிருமியை வாங்கியிருக்கும். மிருக வைத்தியர் மலத்தைப் பரிசோதித்துச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விற்றவரிடம் கதைக்க அதுதான் ஆதாரம்.

பேனையால் எழுதிய அட்டை ஒன்றுக்கும் உதவாது. ஊசி மருந்துக் குப்பியின் லேபலை உரித்து அட்டையில் ஒட்ட வேண்டும். தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, போட்ட திகதி, வைத்தியரின் கையொப்பமும் பதிவு இலக்கமுள்ள முத்திரையும் இருக்க வேண்டும். அந்த வைத்தியருக்கு ஒரு போன் எடுத்துக் கேளுங்கள். மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். வியாபாரி தானே வாங்கி, சட்டைப்பைக்குள் கொண்டுதிரிந்து குத்தியிருந்தால் அது வெறும் தண்ணீர்தான். உண்மையாகப் போட்டிருந்தாலும் ஒரு ஊசி போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது முறித்துவிடும். அந்தச் சக்தி எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை, 16 கிழமை வரை திரும்பத் திரும்பப் போடுவது அதனால்தான்.

இப்போதைக்கு வேறு குட்டி கொண்டுவராதீர்கள். பார்வோ நிழல் நிலத்தில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். சீமெந்து நிலத்தை முதலில் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோரின் பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. டெற்றோல் போன்றவை இந்த வைரசுக்குப் போதாது. படுக்கை, சாக்கு, பிளாஸ்ரிக் கோப்பை எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். மண் முற்றத்துக்கு மருந்தில்லை. கிளையை வெட்டி வெயில் விழ விடலாம், அவ்வளவுதான். அடுத்ததாக எடுப்பது ஊசி எல்லாம் போட்டு முடித்த, நான்கரை மாதம் கடந்த நாயாக இருக்கட்டும்.

கேள்வி: பெடிகிறி பேப்பர் இருந்தால் நல்ல குட்டி என்று நம்பலாமா?
– வாசகர், நல்லூர்

பதில்: பேப்பர் தாய் தகப்பன் யாரென்று சொல்லும். அதுகள் சுகமாக இருக்கிறதா என்று சொல்லாது. இலங்கைக் கெனல் சங்கத்தில் பதிந்த குட்டியென்றால் தாய், தகப்பன் இரண்டினதும் பதிவுப் பெயரும் இலக்கமும் இருக்கும். "பேப்பர் பிறகு அனுப்புறன்" என்றால் பேப்பர் இல்லாத விலையையே கொடுங்கள்.

அல்சேஷன், லப்ரடோர், ரொட்வீலர் மூன்றுக்கும் இடுப்பு மூட்டு நோய் பரம்பரையாக வரும். பெற்றோருக்கு ஒரு வயதுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்ததா என்று கேளுங்கள். எடுக்கவில்லையென்றால் தாய் தகப்பனை ஓடவிட்டுப் பாருங்கள். பின்னங்கால் இரண்டையும் முயல்போலச் சேர்த்துத் தூக்கி ஓடினாலோ, எழும்ப முக்கினாலோ அந்தக் குட்டி வேண்டாம். பக் நாயின் மூக்குத் துவாரம் கீறல்போல ஒடுங்கி, சும்மா நிற்கும்போதே கொர் கொர் என்று சத்தம் வந்தால் எங்கள் சித்திரை வெயிலில் அது படும் பாடு கொடுமை. குளிர்நாட்டு நாயான ஹஸ்கியை யாழ்ப்பாணத்தில் வளர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: குட்டி கேட்டுப் போனால் அந்த மனிசன் என்னையே விசாரிக்கிறார். மதில் இருக்கிறதா, பகலில் வீட்டில் ஆர் நிற்பது, முதல் நாய் எப்படிச் செத்தது என்று. அவமானமாகிப் போய்விட்டது.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஐயா, அவரிடமே வாங்குங்கள். காசைக் கண்டதும் குட்டியை நீட்டுபவருக்கு அது போகிற இடத்தைப் பற்றிக் கவலையில்லை. "வளர்க்க ஏலாமல் போனால் திருப்பி எடுப்பீர்களா?" என்று நீங்களும் கேளுங்கள். எடுப்பேன் என்றால், மூன்று நாளுக்குள் வைத்தியரிடம் காட்டி நோய் கண்டால் காசு திருப்பித் தருவதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

கேள்வி: ஒரு இடத்தில் கூட்டுக்குள் பீளை வடிய, வயிறு ஊதிக் கிடந்த குட்டியைக் கண்டு மகன் அழுகிறான். இரக்கத்துக்காக வாங்கினால் புண்ணியம்தானே?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: பிள்ளையின் மனசு நல்ல மனசு. ஆனால் நீங்கள் கொடுக்கும் காசு அந்தக் குட்டியின் தாய்க்கு அடுத்த ஈற்றாக முடியும். குட்டி உங்கள் வீட்டுக்கு வரும், தாய் அந்தக் கூட்டிலேயே கிடக்கும். காலியான இடத்துக்கு அடுத்த கிழமை வேறு குட்டி வரும். திகதியோடு படமெடுத்து பொலிசிலும் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலும் முறையிடுங்கள்.

மகனுக்குக் குட்டி வேண்டுமென்றால், சந்தையடியிலும் கோயிலடியிலும் விட்டுப்போன ஊர்க்குட்டிகள் எத்தனையோ நிற்கின்றன. எங்கள் வெயிலுக்குப் பழகிய உடம்பு. பூச்சி மருந்து, ஊசி எல்லாம் அதே கணக்கில்தான். மூன்று மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசியும் போட வேண்டும், அரசாங்கம் அதை இலவசமாகவும் போடுகிறது. ஊசி போடாத எந்தக் குட்டி கீறினாலும் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: நல்ல இடத்தில் குட்டி பேசியாயிற்று. கூட்டிவரும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், கொக்குவில்

பதில்: காலையில் போங்கள், வெயிலுக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே கொடுத்த அதே தீனில் ஒரு கிழமைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், நாளுக்கு நான்கு நேரம் கொடுங்கள். பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். பூச்சி மருந்தின் பெயரையும் கொடுத்த திகதிகளையும் எழுதி வாங்குங்கள். இரண்டாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கொடுத்திருக்க வேண்டும். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே அதிகம்.

இன்னொன்று. இரண்டு மூன்று நாளுக்கு முதலே ஒரு பழைய சாரத்துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, தாய் படுக்கும் இடத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் இரவு குட்டி அழும்போது அதை விரித்து அதன்மேல் படுக்க விடுங்கள். தாயின் மணம் இருக்கும்வரை அதைத் தோய்க்க வேண்டாம்.