வாசகர் கேள்வி: நம் முடிவுகளில் ஊருக்கு எத்தனை பங்கு?

பி.ஏ. சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். ‘சமூகம்தான் மனிதரை உருவாக்குகிறது’ என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். என் வாழ்க்கையை நான்தானே வாழ்கிறேன்? மனம் ஒப்பவில்லை.
– மாணவி, விருதுநகர்

உங்கள் பெயரிலிருந்தே பார்க்கலாம். வருகைப் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் இருக்கும். பின்னால் சாதிப் பட்டம் அநேகமாக இருக்காது. இரண்டையும் நீங்கள் முடிவு செய்யவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டைப் பற்றிக் கேள்விப்படாத வீடுகளிலும் இன்று பிள்ளைகளுக்குப் பட்டம் இல்லாமல்தான் பெயர் வைக்கிறார்கள்.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1895இல் இத்தகையவற்றுக்குச் ‘சமூக உண்மைகள்’ என்று பெயரிட்டார். அவை நாம் பிறக்கும் முன்பே இருப்பவை, நமக்கு வெளியே இருப்பவை, மீறினால் நம்மை நெருக்குபவை. மீறாதவரை அந்த நெருக்கடி தெரியாது. அம்மாவின் எழுத்தை இனிஷியலாகப் போட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பாருங்கள், யார் யார் காரணம் கேட்கிறார்கள் என்று தெரியும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் தமிழர்கள் பலர் தடுமாறுவதும் இதனால்தான். அந்தக் கட்டம் வேறொரு சமூகத்தின் வழக்கத்துக்காகப் போடப்பட்டது.

இருவரும் வேலைக்குப் போகிறோம். சமையல், துணி, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் என் தலையில்தான். கணவர் நல்ல மனிதர், சொன்னால் செய்வார். இது எங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தானா?
– வாசகி, ஓசூர்

‘சொன்னால் செய்வார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எது தீர்ந்துபோனது, எதை எப்போது செய்ய வேண்டும் என்று நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலைதான். அவர் செய்தாலும் அந்த வேலை உங்களிடமே தங்கிவிடுகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் ஆராயலாம். ஐந்து கோடித் தொழிலாளர்கள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், ஆளுக்கு ஆள் குணத்தை ஆராய்ந்து பயனில்லை.

உங்கள் வீட்டை அந்த அளவுகோலில் வைப்போம். மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 6 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 4.47 லட்சம் பேரை விசாரித்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக அறிக்கை சொன்னது. இதைப் படிப்பவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்கிறார்கள். 97 நிமிடம் என்பது அன்று வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிச் செய்தவர்கள் 100க்கு 26 பேர். மீதி 74 பேரையும் சேர்த்துப் பகிர்ந்தால் ஓர் ஆணுக்கு 25 நிமிடம்தான் வரும். பெண்களில் செய்தவர்கள் 81 பேர். அதே கணக்கில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 243 நிமிடம். இந்த வித்தியாசத்துக்கு உங்கள் கணவரின் குணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பையனைத் தட்டு கழுவச் சொல்லாத வீடுகளும், அம்மாவின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கும் பள்ளிகளும் சேர்ந்து உண்டாக்கியது அது.

பேசித் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் கையில் கணக்கோடு பேசுங்கள். அந்தக் கணக்கெடுப்பு செய்ததுபோலவே அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரித்தால் 48 கட்டங்கள் வரும். இருவரும் தனித்தனித் தாளில் ஏழு நாள் நிரப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் கணக்குத் தவறிப்போகும். இரவு உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினாலும் சிறு வேலைகள் மறந்துவிடும், ஆகவே மூன்று மணிக்கு ஒருமுறை குறியுங்கள். அடுப்பில் குழம்பு, பக்கத்தில் பிள்ளையின் கணக்குப்பாடம் என்றால் இரண்டையும் அதே கட்டத்தில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதும் தாளில் பெண்ணின் உழைப்புதான் முதலில் காணாமல் போகிறது.

கல்லூரி ஆய்வுக்காக எங்கள் தெருவில் ‘சாதி பார்ப்பீர்களா?’ என்று கேட்டேன். 40 வீட்டிலும் ‘இல்லை’ என்றார்கள். எப்படி எழுதுவது?
– மாணவர், கரூர்

அந்த 40 பதில்களும் ‘பார்க்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும்’ என்பதைத்தான் சொல்கின்றன. அதற்கு மேல் ஒன்றும் எழுத முடியாது. கருத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள்.

2011–12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் இந்த நுட்பம் உண்டு. வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறீர்களா என்பது முதல் கேள்வி. ‘இல்லை’ என்றவர்களிடம் இரண்டாவதாக, தலித் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் புழங்கினாலோ சம்மதமா என்று கேட்டார்கள். இரண்டையும் சேர்த்தபோது 100க்கு 27 வீடுகளில் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமை தெரிந்தது. கலப்புத் திருமணத்தையும் அவர்கள் நேராகக் கேட்கவில்லை. கணவர் குடும்பமும் உங்கள் பிறந்த வீடும் ஒரே சாதியா என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்ற பெண்கள் 100க்கு ஐந்து பேர்தான்.

நீங்களும் இப்படிக் கேட்கலாம்: கடைசியாக உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட, உறவினர் அல்லாத மூன்று பேர் யார்? மாடி போர்ஷன் காலியானபோது யார் மூலமாக ஆள் பிடித்தீர்கள்? வீட்டில் ஒருவரைத் தனியாக வைத்துப் பேசுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகளின் பதில் மாறும். கேட்பவரின் சாதி தெருவுக்குத் தெரிந்திருந்தாலும் மாறும், அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

புள்ளிவிவரம் ஒன்று சொல்கிறது, தெரிந்த ஆட்கள் வேறு மாதிரி இருக்கிறார்களே?
– வாசகர், திருச்சி

கூட்டத்தின் கணக்கை ஓர் ஆளின் மேல் அப்படியே ஏற்றக் கூடாது. 1950இல் சமூகவியலாளர் டபிள்யூ.எஸ். ராபின்சன் அமெரிக்காவை வைத்து இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் குடியேறியவர்களுக்கே எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சொத்தில் பங்கு வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். இது என் சொந்த விருப்பம். இதிலும் சமூகம் இருக்கிறதா?
– வாசகி, தேனி

இருக்கிறது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு கொடுத்தது. அப்போது ஏற்கெனவே மணமானவர்கள் விடுபட்டார்கள். 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. சட்டம் மாறியும் தங்கைகள் கையெழுத்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. பங்கைக் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி இருக்காது, புகுந்த வீட்டில் மதிப்புக் குறையும். இந்த விலையை அண்ணன் கொடுக்க வேண்டியதே இல்லை. உங்கள் பாசம் உண்மையானதுதான், ஆனால் அதைக் கையெழுத்தால் காட்டச் சொல்லி உங்களிடம் மட்டும்தான் கேட்கிறார்கள்.

முடிவு உங்களுடையது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து உங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். சந்தை விலை அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். தொகை பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் எழுதியிருந்தால் அது கைக்கு வந்த பிறகே கையெழுத்திடுங்கள். பதிவான பின் நீங்களாக ரத்து செய்ய முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.