பார்த்தீனியம்: தும்மல் வேறு, தடிப்பு வேறு

கேள்வி: வீட்டை ஒட்டிய காலி மனையில் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது. அது பூத்ததிலிருந்து எனக்கு அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் இருக்கின்றன. செடிகளைப் பிடுங்கிய என் கணவருக்கோ தும்மலே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கழுத்தும் இமைகளும் சிவந்து தடித்துவிட்டன. ஒரே செடி இருவரையும் வெவ்வேறு விதமாகத் தாக்குமா?

பதில்: தாக்கும். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் மகரந்த ஒவ்வாமை. மூச்சோடு உள்ளே போகும் மகரந்தத்திலுள்ள புரதங்களை உடல் பகையாகக் கருதி, சில நிமிடங்களுக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரப்பதால் தும்மலும் மூக்கொழுகலும் கண் அரிப்பும் உண்டாகின்றன. உங்கள் கணவருடையது தொடு ஒவ்வாமை. இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய மயிர்களில் இருக்கும் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் தோலில் பட்டு, ஓரிரு நாள் கழித்தே அது வெளிப்படும். காய்ந்த செடியின் தூளும் காற்றில் பறந்து வந்து படியும் என்பதால், செடியைத் தொடாதவர்களுக்குக்கூட முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் இது வருவதுண்டு.

சோதனைகளும் வேறு வேறுதான். உங்களுக்கான தோல் குத்துச் சோதனையில் கால் மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். அவருக்கான ஒட்டுச் சோதனையில் முதுகில் ஒட்டிய பட்டையை 48 மணி நேரம் கழித்து எடுத்து, அதன்பின் மீண்டும் ஒரு நாள் பார்ப்பார்கள். சோதிக்காமல் செடியின் மீதே பழியைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தும்மல் காலையில் மட்டும் வந்து, ஆண்டு முழுவதும் நீடித்தால், மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகளையே நான் முதலில் சந்தேகிப்பேன். மூச்சிரைப்பு வந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தடிப்புக்குக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கி இமையில் தடவ வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பிடுங்கிய இடத்திலேயே மீண்டும் முளைக்கிறதே?

பதில்: முளைக்கத்தான் செய்யும். ஒரு செடி 10,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடும். முளைத்து ஒரு மாதம் போல ஆனதுமே பூக்கத் தொடங்கிவிடும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, 1950-களில் புனேவில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவியதன் ரகசியமே இதுதான். ஆகவே பூக்குமுன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் அவசியம். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். ஏற்கெனவே தடிப்பு வந்த உங்கள் கணவர் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது; கையுறை போட்டுக்கொண்டாலும் முகத்தில் படியும் தூளை அது தடுக்காது.