கார் வாங்கிய பிறகு: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 32 வயது. விருத்தாசலத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 2014இல் வேலைக்காகச் சென்னைக்கு வந்தேன். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணி. திருமணம் ஆகும்வரை துரைப்பாக்கத்தில் நான்கு நண்பர்களுடன் ஒரே வீட்டில் தங்கியிருந்தேன். ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு பைக்குகள். மற்றபடி ஷேர் ஆட்டோ, மாநகரப் பேருந்து, இரவு நேரமாகிவிட்டால் ஓலா. 2019 செப்டம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் செய்தியாளர்களிடம் பேசியபோது, இன்றைய இளைஞர்கள் மாதத் தவணையில் கார் வாங்குவதைவிட ஓலா, ஊபர், மெட்ரோ ரயில் ஆகியவற்றையே விரும்புகிறார்கள், கார் விற்பனை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். பலர் அதைக் கேலி செய்தார்கள். நாங்கள் ஐவரும் அது எங்களைப் பற்றிய உண்மை என்றே நினைத்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாநகரப் பேருந்துகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், காரைச் சொத்தாக நினைக்காத ஒரு தலைமுறை வந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவன் நான்தான்.

2022இல் எனக்குத் திருமணம் ஆனது, மேடவாக்கத்துக்குக் குடிவந்தோம். 2024இல் மகள் பிறந்தாள். சென்ற மாதம் ஐந்தாண்டு ஓடிய கார் ஒன்றை வாங்கிவிட்டேன். எங்கள் ஐவரில் இப்போது கார் இல்லாதவன் ஒருவன் மட்டுமே. திருமணமாகாதவனும் அவன் ஒருவன்தான். மனைவிக்கு மகிழ்ச்சி. எனக்கோ கொடுத்த வாக்கை மீறியதுபோல் இருக்கிறது. நாங்கள் உண்மையாகவே வேறு மாதிரியான தலைமுறையா, அல்லது எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்ததையே சில ஆண்டுகள் தள்ளிச் செய்கிறவர்களா?

ஆர்.,
மேடவாக்கம்

அன்புள்ள ஆர்.,

விடை உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு அருகில் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் நான் எழுதிய வரி பிழையானது. இருபதுகளின் நடுவில், திருமணமாகாமல், நண்பர்களோடு வாடகை வீட்டில் தங்கியிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அவர்கள் வாழ்வின் ஒரு கட்டத்தைக் கடந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்து, அதையே அவர்களுடைய தலைமுறையின் குணமாக எழுதிவிட்டேன். நீங்கள் எந்த வாக்கையும் மீறவில்லை. உங்கள் சார்பில் வாக்குக் கொடுத்தது நான்.

இதே பிழையை அமெரிக்கா பெரிய அளவில் செய்தது. அங்கே 1983இல் 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 46 பேரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. 2014இல் அது நூற்றுக்கு 25க்கும் கீழே இறங்கியது. 20 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் அதே காலத்தில் 92 பேர் என்பது 77 ஆகியது. 2000களின் நடுவிலிருந்து 2013 வரை ஒரு மனிதர் சராசரியாக ஓட்டிய தூரமும் குறைந்தது. காரின் காலம் முடிந்தது, இந்தத் தலைமுறைக்குக் கைப்பேசி போதும் என்று அப்போது நிறைய எழுதினார்கள். பிறகு அந்தத் தூரம் மீண்டும் ஏறத் தொடங்கியது. கிறிஸ்டோபர் நிட்டலும் எலிசபெத் மர்ஃபியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, வருமானம், குடும்ப நிலை, வசிக்கும் இடம் ஆகியவற்றைச் சமப்படுத்திப் பார்த்தால் இந்தத் தலைமுறைக்கும் அதன் பெற்றோர் தலைமுறைக்கும் கார் வைத்திருப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. அமெரிக்காவில் 1980இல் முதல் திருமணத்தின் இடைநிலை வயது ஆணுக்கு 24.7, பெண்ணுக்கு 22. 2019இல் அது ஏறத்தாழ 30, 28 ஆகிவிட்டது. திருமணம் தள்ளிப்போனால் குழந்தை தள்ளிப்போகிறது, புறநகரில் தனிவீடு தள்ளிப்போகிறது, அவற்றோடு காரும் தள்ளிப்போகிறது.

எல்லாவற்றையும் இந்தத் தள்ளிப்போதலின் கணக்கிலேயே எழுதிவிடவும் முடியாது. நோரீன் மெக்டொனால்டு 2015இல் செய்த ஆய்வில், இளைஞர்கள் ஓட்டும் தூரம் குறைந்ததில் 10 முதல் 25 விழுக்காடு மட்டுமே, வேலையின்மை உள்ளிட்ட இத்தகைய வாழ்க்கை நிலை மாற்றங்களால் விளக்கப்பட்டது. பதின்ம வயதினருக்கு உரிமம் வழங்குவதில் பல மாநிலங்கள் கொண்டுவந்த படிப்படியான கட்டுப்பாடுகளும் இருந்தன. மனமும் மாறியிருக்கலாம். ஆனால் அந்த மாற்றம் ஒரு குழந்தையின் வருகையைத் தாங்கும் அளவுக்கு வலுவானதா என்பதே கேள்வி.

நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். நிதியமைச்சர் அப்படிச் சொன்னதற்கு முந்தைய மாதமான 2019 ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை, ஓராண்டுக்கு முந்தைய ஆகஸ்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2018 செப்டம்பரில் ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறியதிலிருந்து வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் வாகனக் கடனில் கையை இறுக்கிக்கொண்டன. அதே மாதம் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டியதாயிற்று. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புதிய வாகனப் புகை விதி வரவிருந்ததால் வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். உங்கள் ஐவரின் மனநிலை இவற்றுக்கு நடுவில் மிகச் சிறிய காரணமாகவே இருந்திருக்கும். 2019-20இல் 28 லட்சத்துக்குச் சற்றுக் கீழே போன ஆண்டு விற்பனை, 2023-24இல் 42 லட்சத்தைத் தாண்டியது. பெருந்தொற்றுக் காலத்து அச்சமும் அதில் சேர்ந்திருக்கிறது. 2019இல் 26 வயதாக இருந்த உங்களுக்கு அந்த ஆண்டுகளில் 30 நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆயினும் அமெரிக்கக் கதையை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. அங்கே ஓர் இளைஞர் காரைத் தள்ளிப்போட்டார் என்றால் பெரும்பாலும் பெற்றோரின் காரிலிருந்து இறங்கி வந்தவராக இருப்பார். இங்கே 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூறு வீடுகளில் ஏழு எட்டில்தான் கார் இருக்கிறது. இருசக்கர வாகனமோ ஏறத்தாழப் பாதி வீடுகளில் இருக்கிறது. ஆகவே வாழ்க்கை மாறுவது நம்மிடையே முதலில் இருசக்கர வாகனத்தில்தான் தெரியும். தனியாளாக இருக்கும்வரை பைக். திருமணமானதும் மனைவி வேலைக்குப் போக ஒரு ஸ்கூட்டி. குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதே பைக்கில் மூன்று பேர். அந்த மூன்றாவது கட்டத்தில்தான் வசதியுள்ள வீடுகள் காரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கின்றன, வசதியில்லாத வீடுகள் ஆபத்தைப் பழகிக்கொள்கின்றன.

உங்கள் மேடவாக்கம் சந்திப்பில் ஒரு காலை எட்டரை மணிக்குப் பேருந்துக்காக நின்றபோது பார்த்ததைச் சொல்கிறேன். சிக்னலில் நின்ற ஒரு பைக்கில், பெட்ரோல் டேங்கின் மேல் பள்ளிச் சீருடையில் நான்கு ஐந்து வயதுச் சிறுவன். பின்னால் அவன் அம்மா. அவள் மடியில் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிய கைக்குழந்தை. அப்பா மட்டும் ஹெல்மெட் அணிந்திருந்தார். குழந்தை தூங்கிவிட்டதால் அதன் தலை பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருந்தது. வண்டி நகரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் இடது உள்ளங்கையைக் குழந்தையின் கன்னத்துக்கும் தன் கணவரின் முதுகுக்கும் நடுவே கொண்டுபோய் வைத்தாள். பிரேக் போட்டால் மோதப்போவது தன் கையாக இருக்கட்டும் என்று. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றிச்சென்றால் பாதுகாப்புப் பட்டையும் சிறிய தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி அறிவித்தது. ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் உட்காரக்கூடாது என்ற சட்டம் அதற்கும் பழையது. அந்தக் குடும்பம் சட்டத்தை மீறுகிறது என்று சொல்லிவிட்டு என்னால் நகர முடியவில்லை. அந்த நேரத்தில், இரண்டு பிள்ளைகளோடு அவர்கள் ஏறக்கூடிய பேருந்து ஒன்றும் அந்தச் சாலையில் வரவில்லை. நானே அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன்.

மழையில் ஒரே ஸ்கூட்டரில் போகும் நான்கு பேர் கொண்ட குடும்பம் என்ற காட்சியிலிருந்துதான் ரத்தன் டாடா நானோவை நினைத்தார். 2008 ஜனவரியில் ஒரு லட்சம் ரூபாய்க் காராக அது டெல்லியில் காட்டப்பட்டது. பத்தே ஆண்டுகளில் தயாரிப்பு நின்றுபோனது. காரணங்கள் பல என்றாலும், மலிவான கார் என்ற பெயரே அதற்குப் பாரமானது என்பது என் எண்ணம். பைக்கிலிருந்து காருக்கு மாறுகிற குடும்பம் தலைக்கு மேல் கூரையை மட்டும் தேடவில்லை. மாமியார் வீட்டு வாசலில் போய் இறங்கும்போது கிடைக்கிற மரியாதையையும் தேடுகிறது. உங்களைப்போன்ற பலர் மலிவான புதுக் காரை விட்டுவிட்டு ஐந்தாண்டு ஓடிய நல்ல காரைத் தேர்ந்தெடுப்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் வாழ்வில் கார் குழந்தையோடு வரவில்லை, என் தாயின் நோயோடு வந்தது. அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றானபோது எனக்கு 43 வயது. அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட்தான் எங்களுக்குக் கிடைத்தது. போகும்போது ஆட்டோ போதும், திரும்பும்போதுதான் சிரமம். நான்கு மணி நேரம் முடிந்து எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், உட்கார முடியாது, சாய்ந்துகொள்ள இடம் வேண்டும். எல்.எல்.ஆர். போட்டு, தெருமுனை டிரைவிங் ஸ்கூலில் என் வயதில் பாதியே ஆன பிள்ளைகளோடு கற்றுக்கொண்டு, ஒரு சிறிய காரை வாங்கினேன். முன்னிருக்கையைப் பின்னால் முழுவதுமாகச் சாய்த்து, தலையணை வைத்து, அம்மாவைப் படுக்கவைத்து அழைத்து வருவேன். மூன்று ஆண்டுகள் அப்படி ஓடின. அவர் மறைந்த பிறகு அந்தக் காருக்கு என் வீட்டில் வேலையே இல்லை. ஆனால் விற்கவில்லை. ஓர் ஆண்டுக்குள் அடுத்த தெருவில் இருக்கும் மளிகைக் கடைக்குக்கூட அதில்தான் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முன் இருபது ஆண்டுகள் அந்தக் கடைக்கு நடந்து போனவள் நான்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். வாழ்வின் ஒரு கட்டம் காரை வீட்டுக்குள் அழைத்து வருகிறது. அந்தக் கட்டம் முடிந்தாலும் கார் வெளியே போவதில்லை. வாங்கும் வரை பிள்ளைக்காக, பெற்றோருக்காக என்று காரணம் கேட்கிறோம். வாங்கிய பிறகு காரணம் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும், பழக்கங்கள் எப்போது மாறும் என்பதை ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். புதிய பழக்கத்துக்கு மனம் திறந்திருப்பது வீடு மாறிய முதல் மூன்று மாதங்கள் வரையில்தான் என்று அவர்கள் கண்டார்கள். வீடு மாறுவதற்கே அப்படி என்றால், குழந்தை பிறப்பதற்கு எப்படி இருக்கும்? அந்தச் சில மாதங்களில் நல்ல நடைபாதையும், படியேறத் தேவையில்லாத பேருந்தும், நடந்து போகும் தூரத்தில் குழந்தைகள் காப்பகமும் இருந்தால் அந்த வீடு ஒரு பக்கம் திரும்பும். இல்லாவிட்டால் காரின் பக்கம் திரும்பி, அங்கேயே நிற்கும்.

சென்னை இதில் காலம் தாழ்த்துகிறது. தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் மாநகரச் சாலைக்கு வந்தன. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய காரியம். ஆனால் கையில் குழந்தையும் தோளில் பையும் வைத்திருக்கும் பெண்ணுக்கு, கட்டணத்தைவிட உயரமான படியும் நெரிசலும்தான் தடை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகிற மெட்ரோ பாதை உங்கள் மேடவாக்கம் வழியாகத்தான் போகிறது. உங்கள் வீட்டையும் அலுவலகத்தையும் இணைக்க இதைவிடப் பொருத்தமான பாதை இருக்க முடியாது. அது முழுமையாக ஓடத் தொடங்கும் நாளில் உங்கள் வீட்டு வாசலில் கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். உங்கள் குற்ற உணர்ச்சியில் ஒரு பங்கு, இந்த வரிசையை முன்கூட்டித் திட்டமிடாதவர்களுக்குச் சேர வேண்டியது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்காக வாங்கிய கார் பகல் முழுவதும் எங்கே நிற்கிறது என்று அதில் இல்லை. நானறிந்த பல வீடுகளில், குழந்தையின் பெயரால் வாங்கிய கார் காலை ஒன்பது மணிக்கு அப்பாவோடு அலுவலகம் போய், அடித்தள நிறுத்துமிடத்தில் மாலை வரை நிற்கிறது. தடுப்பூசி நாளன்று அம்மாவும் குழந்தையும் ஆட்டோவுக்காக வெயிலில் நிற்கிறார்கள். வாரம் ஒரு முறை கோயிலுக்கும் மாலுக்கும் குடும்பமாகப் போகும்போது மட்டும் அது குடும்பத்தின் கார் ஆகிறது. காரைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். அதற்கு உங்கள் பழைய பைக்கோ நிறுவனத்தின் வேனோ போதும். சாவி பகலில் வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் மனைவிக்கு ஓட்டத் தெரியுமா என்பதும் கடிதத்தில் இல்லை. தெரியாவிட்டால் எல்.எல்.ஆர். போடும் நாளில் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் தேர்வில் அவர் தேறியதும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.