மூன்று மருந்து மாற்றியும் செம்மறியில் பேன் போகவில்லை

கேள்வி: காங்கேயம் பக்கம் 40 குறும்பை ஆடுகள் வைத்திருக்கிறேன். பேன் அரிப்பில் வேலியில் தேய்த்துத் தேய்த்து ரோமம் கொத்தாகக் கொட்டுகிறது. மூன்று மருந்து மாற்றித் தெளித்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, அந்த மூன்று புட்டிகளிலும் கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃப்ளுமெத்ரின் என்று இருந்தால், மூன்றும் பைரித்ராய்டு என்ற ஒரே வகைதான். ஒன்றுக்கு எதிர்ப்பு வந்த பேன் மற்ற இரண்டுக்கும் அநேகமாக அசையாது. ஆஸ்திரேலியாவில் இந்த வகை மருந்தை முதுகில் ஊற்றியே பழகினார்கள். விலாப்பக்கம் குறைவாகப் பரவிய மருந்தில் தப்பிய பேன்களே பெருகி, கடைசியில் மருந்து பலிக்காமல் போனது.

ஆனால் எதிர்ப்புதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். குறும்பைக்கு ரோமம் அடர்த்தி. மேலாகத் தெளித்தால் தோலில் படாது. வெயிலில் நிறுத்தி, கழுத்திலும் விலாவிலும் ரோமத்தைப் பிரித்துப் பாருங்கள். வெளிர்மஞ்சள் உடலும் செம்பழுப்பான அகன்ற தலையுமாக, வெளிச்சம் பட்டதும் உள்ளே ஓடினால் அது கடிக்கும் பேன். ஐவர்மெக்டின் ஊசி இதற்குச் சரியாகக் கேட்காது. நீலம் பாய்ந்து, தலை ஒடுங்கியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் பேன். அதற்கு ஊசி கேட்கும். இதில் குட்டிகளுக்கு ரத்தசோகை வரும், கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடிக்கும் பேன் என்றால் முதலில் ரோமத்தைக் கத்தரியுங்கள். பாதிப் பேனும் ஈரும் அதோடு போய்விடும். வெட்டுக்காயம் ஆறியதும், கால்நடை மருத்துவரிடம் கேட்டு வேறு வகை மருந்தான அமிட்ராஸுக்கு மாறுங்கள். 12.5 சதவீத மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. கையுறை போட்டு, தோல் நனையும்வரை முழு உடம்பையும் குளிப்பாட்டுங்கள். சினை ஆடு, சின்னக்குட்டிகளுக்கு மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். காலையில் தண்ணீர் காட்டிவிட்டுக் குளிப்பாட்டினால், தாகத்தில் நக்காது.

மருந்தில் ஈர் சாகாது. அது பொரிக்கப் பத்து நாள் ஆகும். பொரித்தது வளர்ந்து முட்டையிடுமுன், 14ஆம் நாள் மறுபடி குளிப்பாட்ட வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரே நாளில் மந்தை முழுவதும் முடியட்டும். ஒரு கிடா தப்பினால்கூட எல்லாம் வீண்.

வேப்பெண்ணெய், வசம்பு தடவலாம், அரிப்பு கொஞ்சம் குறையும். இவ்வளவு முற்றிய நிலையில் அது மட்டும் போதாது.

சந்தையில் வாங்கும் ஆட்டைத் தனியே கட்டி, இரண்டு முறையும் மருந்தில் குளிப்பாட்டிய பிறகே பட்டியில் விடுங்கள். லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை கறிக்கு விற்காதீர்கள்.